நாலு பேர் எழுதிய புத்தகத்துக்கு ஒரே ரேட்டிங்: பாரநார்மல் ரொமான்ஸ் தொகுப்பு வாங்கும் முன்

'மஸ்ட் லவ் ஹெல்ஹவுண்ட்ஸ்' தொகுப்புக்கு வந்த வாசகர் கருத்துகளை வரிசையாகப் படித்தால், எல்லோரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்களா என்ற சந்தேகம் வரும். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார். அடுத்தவர் இரண்டு. மூன்றாமவர் காதலே இல்லை என்பார், நான்காமவர் காதல் அருமை என்பார். நால்வரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இது அமானுஷ்யம் கலந்த காதல் கதைகளின் (பாரநார்மல் ரொமான்ஸ்) தொகுப்பு, 2009-இல் பெர்க்லி பதிப்பகம் வெளியிட்டது. சார்லெய்ன் ஹாரிஸ், நளினி சிங், இலோனா ஆண்ட்ரூஸ், மெல்ஜீன் புரூக் ஆகியோர் ஆளுக்கொரு குறுநாவல் எழுதியிருக்கிறார்கள். பொதுவான கரு நரக நாய். நான்கும் அவரவர் ஏற்கெனவே நடத்திவந்த சீரிஸின் உலகத்தில் நடக்கும் கதைகள். கருத்துகள் இப்படிச் சிதறுவதற்கு அதுதான் மூலகாரணம்.

தொகுப்புக்கென்று ஒரே ஒரு சராசரி ரேட்டிங் இருக்கும். அதை வைத்து வாங்கக் கூடாது என்பேன். கணக்கு எளிது. நான்கு கதைக்கும் ஒருவர் 5, 4, 3, 2 என்று போட்டால் சராசரி 3.5. இன்னொருவர் 5, 5, 2, 2 என்று போட்டாலும் அதே 3.5. முதலாமவருக்குக் கிடைத்தது ஏற்ற இறக்கமுள்ள ஒரு புத்தகம். இரண்டாமவருக்குக் கிடைத்தது இரண்டு அருமையான கதை, புரட்டித் தள்ள இரண்டு கதை. இதற்கு மேல், தனக்குப் பிடித்த எழுத்தாளரின் கதையை மட்டும் படித்துவிட்டு முழுப் புத்தகத்துக்கும் ஐந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களே அதைச் சொல்லியும் விடுவார்கள்: மற்ற மூன்றையும் தொடவில்லை, இதற்காகத்தான் வாங்கினேன் என்று. அந்த ஐந்து நட்சத்திரம் ஒரு கதைக்கானது. ஆனால் அதுவும் சராசரியில் கலந்துவிடுகிறது. இன்னொன்று, வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு நட்சத்திரம் என்றால் 'பரவாயில்லை' என்று பொருள், மூன்று என்றால் 'பிடித்தது'. அங்கே மூன்று வாங்கிய கதையை மட்டமானது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

அதனால் கருத்துகளைக் கதைவாரியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். வழி இதுதான். முதலில் தொகுப்பின் பக்கத்துக்குப் போய் மூன்று நட்சத்திரக் கருத்துகளை மட்டும் வடிகட்டுங்கள். ஐந்தும் ஒன்றும் கொடுத்தவர்கள் உணர்ச்சியை எழுதுவார்கள். மூன்று கொடுத்தவர்தான் எந்தக் கதை நின்றது, எந்தக் கதை சரிந்தது என்று பிரித்து எழுதுவார். பிறகு ஒவ்வொரு குறுநாவலின் பெயரையும் தனியாகத் தேடுங்கள். குட்ரீட்ஸில் பல குறுநாவல்களுக்குத் தனிப் பக்கமே உண்டு, சீரிஸ் எண்ணோடு. இலோனா ஆண்ட்ரூஸின் 'மேஜிக் மோர்ன்ஸ்' கேட் டேனியல்ஸ் வரிசையில் 3.5 என்று இருக்கும். மூன்றாம் நாவலுக்கும் நான்காம் நாவலுக்கும் இடையில் நடக்கும் கதை என்று பொருள். இந்தத் தசம எண் கண்ணில் பட்டாலே ஒரு கேள்வி எழ வேண்டும்: முந்தைய மூன்றையும் படிக்காமல் இது புரியுமா?

'மேஜிக் மோர்ன்ஸ்' புரியும். ஆனால் பாதிதான் சுவைக்கும். அட்லாண்டாவில் வீட்டளவு பெரிய மூன்று தலை நாய் ஒன்று ஒருவரைத் துரத்துகிறது. சீரிஸின் நாயகி கேட்டின் தோழி ஆண்ட்ரியா அந்த வழக்கை எடுக்கிறாள். கழுதைப்புலியாக உருமாறும் ராஃபேல் அவளோடு சேர்ந்துகொள்கிறான். சண்டையும் துப்பறிதலும் புதியவருக்கும் ஓடும். காதல்தான் பிரச்சினை. ராஃபேல் அவளைச் சுற்றிச்சுற்றி வருவது முந்தைய நாவல்களிலேயே நடந்து முடிந்துவிட்டது. ஆண்ட்ரியா ஏன் பிடிகொடுக்காமல் விலகுகிறாள் என்பதன் வேரும் அங்கேதான் இருக்கிறது. சீரிஸ் படித்தவருக்கு இது காத்திருந்து கிடைத்த பலன். படிக்காதவருக்கு இரண்டு பேர் திடீரென்று நெருங்கிவிட்டதுபோல் படும். ஒரே காட்சி, நேரெதிரான இரண்டு கருத்துகள்.

இதில் எழுத்தாளர் தவறு எதுவும் இல்லை. குறுநாவலின் அளவே அப்படி. அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கத்தின் நெபுலா விருது விதிப்படி 17,500 முதல் 40,000 சொற்கள் வரை குறுநாவல். நான்கு பேர் எழுதும் தொகுப்பில் ஒருவருக்கு ஏறக்குறைய 80 முதல் 100 பக்கம் கிடைக்கும். பக்கத்துக்கு 280 சொல் என்று வைத்தால் 22,000 முதல் 28,000 சொல். அதற்குள் உலகத்தின் விதிகளைச் சொல்ல வேண்டும், இருவரும் சந்திக்க வேண்டும், ஈர்ப்பு வர வேண்டும், அது உடைய வேண்டும், வில்லனைத் தீர்க்க வேண்டும், கடைசியில் இருவரும் சேர்ந்தாக வேண்டும். ரொமான்ஸ் என்ற பெயர் போட்டால் முடிவு நிறைவாகவும் நம்பிக்கையாகவும் இருக்க வேண்டும் என்பது இந்த வகையின் அடிப்படை ஒப்பந்தம். அதை விட்டுக்கொடுக்க முடியாது. எனவே வேறெதையாவது வெட்ட வேண்டும். ஏற்கெனவே பழகிய ஜோடியை எடுப்பது ஒரு வழி. அறிமுகத்துக்கான முப்பது பக்கம் மிச்சம். விதிக்கப்பட்ட துணை, வாசனையிலேயே அறியும் பந்தம் என்று அமானுஷ்யத்தின் துணையோடு குறுக்குவழியில் போவது இன்னொன்று. பார்த்ததும் காதலா என்று கோபப்படும் கருத்துகளில் கணிசமானவை இந்த இரண்டாவது வழிக்கு எதிரானவை. முதல் வழியே மேல் என்பது என் தீர்மானம். புதியவருக்கு விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் அந்தக் காதலுக்கு ஒரு வரலாறு இருக்கும்.

ஹாரிஸின் கதைக்கு வரும் கருத்துகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். அட்டையில் பெரிய பெயர் அவருடையது. அவருடைய புகழ்பெற்ற நாவல் வரிசையின் நாயகி சூக்கி. அந்த நாவல்களை வைத்து எடுத்த ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சித் தொடர் 2008-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே இந்தத் தொகுப்பு வருகிறது. சூக்கியை எதிர்பார்த்து வாங்கியவர்கள் எத்தனையோ பேர். உள்ளே சூக்கி இல்லை. 2007-இல் வந்த சூக்கி நாவல் ஒன்றில், ரத்தக்காட்டேரிகளின் மாநாட்டில் கெண்டக்கி அரசனுக்கு மெய்க்காவலாக வந்த படன்யா, குளோவாஷ் என்ற இரண்டு பெண்கள்தான் நாயகியர். ஒரு திருடனுக்குத் துணையாக நரகத்துக்குள் போகிறார்கள். இது சாகசக் கதை. காதல் ஓரத்தில்கூட அதிகம் இல்லை. இதற்குக் கொடுத்த குறைந்த நட்சத்திரத்தில் எவ்வளவு கதைக்கு, எவ்வளவு ஏமாற்றத்துக்கு என்று பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணை நம்ப முடியாது. நரகத்தைப் பற்றிய கற்பனையும் இரண்டு பெண்களின் தோழமையும் போதும் என்பவர் தாராளமாகப் படிக்கலாம். காதலுக்காக வந்தவர் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளட்டும். புத்தகத்தில் இருக்கும் வரிசையிலேயே படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அப்படிப் படித்து முதல் கதையிலேயே சலித்துப்போய் மூடி வைத்தவர்களின் கருத்துகள் மற்ற மூன்று கதைகளுக்கும் செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல.

நளினி சிங்கின் 'ஏஞ்சல்ஸ் ஜட்ஜ்மென்ட்' புதியவருக்குச் சரியான வாசல். கில்ட் ஹன்டர் சீரிஸின் முதல் நாவலுக்கும் முந்தைய காலத்தில் நடக்கிறது. அந்த நாவலின் நாயகிக்கு உயிர்த்தோழியான சாரா, ரத்தக்காட்டேரிகளைத் தேடிப் பிடிக்கும் வேட்டைக்காரர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்கும் தறுவாயில் இருக்கிறாள். வேட்டைக்காரர்களில் தடம்புரண்டவர்களைக் களையெடுக்கும் டீக்கன் என்பவனோடு ஒரு கொலைகாரனைத் தேடிப் போகிறாள். முன்கதை எதுவும் தெரியத் தேவையில்லை. குறை சொல்பவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள், இரண்டும் நியாயம். ஒன்று, இந்த சீரிஸின் பெரிய கவர்ச்சியான பேரதிகார தேவதூதர்கள் இதில் ஓரமாகத்தான் வருகிறார்கள். மற்றது, நரக நாய். டீக்கனின் லூசி மூர்க்கமான நாய்தான், அமானுஷ்யம் அதனிடம் தேட வேண்டும். தொகுப்பின் கருவோடு கதை ஒட்டவில்லை என்ற புகார் எந்தத் தொகுப்பிலும் ஒரு கதை மீதாவது வரும். இதில் அது இங்கே வருகிறது. (பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. கில்ட் ஹன்டர் சீரிஸின் தேவதூத நாயகன் பெயரும் ராஃபேல்தான். இந்தத் தொகுப்பைப் பற்றிய கருத்தில் ராஃபேல் புராணம் பாடியிருந்தால், அனேகமாக அது கழுதைப்புலி ராஃபேல்.)

மெல்ஜீன் புரூக்கின் 'பிளைண்ட் ஸ்பாட்' கடினமான கதை. கார்டியன் சீரிஸின் உலகம் அடுக்கடுக்கானது, காவலர்களும் பேய்களும் ரத்தக்காட்டேரிகளும் தனித்தனி விதிகளோடு இயங்குகிறார்கள். நாயகன் ஜெஃப்ரி பார்வையற்றவன், ஆனால் பிறர் கண்வழியே பார்ப்பான். நாயகி மேகி உளவுத்துறையில் இருந்தவள். கடத்தப்பட்ட அவன் சகோதரியைத் தேடுகிறார்கள், உடன் சர் பப் என்ற அசல் நரக நாய். யார் கண்வழியே எப்போது பார்க்கிறான் என்பதைக் கவனமாகத் தொடர வேண்டியிருக்கும். வேகமாகப் புரட்டினால் குழம்பும். குழப்பம் என்று எழுதியவர்களில் பலர் இந்த சீரிஸுக்கே புதியவர்களாக இருப்பார்கள், அதை அவர்கள் கருத்திலேயே காணலாம். என் தேர்வில் ஒரு காதல் கதையாக நான்கில் இதுவே முதலிடம். தன்னைத் தானே பார்க்க அவள் கண்ணைக் கடன் வாங்கும் ஒருவனை வைத்து நெருக்கத்தைக் கட்டியிருக்கும் விதம், 25,000 சொல்லுக்குள் வேறு யாரும் இங்கே தொடாத ஆழம்.

காமம் எவ்வளவு வெளிப்படை, வன்முறை எவ்வளவு என்ற தகவல் கருத்தில் இல்லாவிட்டால் அந்தக் கருத்து பாதிதான். தொகுப்பில் இது நாவலைவிட முக்கியம், ஏனெனில் பக்கம் புரட்டினால் அளவே மாறிவிடும். 2007-இல் வந்த 'ஆன் த ப்ரௌல்' தொகுப்பு இதற்குச் சாட்சி. பாட்ரிஷியா பிரிக்ஸின் 'ஆல்ஃபா அண்ட் ஒமேகா' கதையில் தொடுதலே மெதுவாக, தயக்கத்தோடு வரும். நாயகி ஆன்னா, ஓநாயாக உருமாறுபவர்களின் சிகாகோ கூட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவள். அதே அட்டைக்குள் சன்னி எழுதிய கதை வெளிப்படையான காமத்தை மையமாகக் கொண்ட சீரிஸைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் படித்தால் ஒன்றுக்காவது அநியாயமான மதிப்பெண் விழும். ஆன்னாவின் பின்னணியைச் சொல்லி எச்சரிப்பது கதையைப் போட்டு உடைப்பதாகாது. அது முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். கருத்து எழுதுபவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும்.

எழுதும்போது கதைக்கு நான்கு வரி போதும். இந்த எழுத்தாளரை முன்பு படித்திருக்கிறீர்களா, எத்தனையாவது நாவல்வரை. ஜோடி புதியதா பழகியதா. கடைசியில் சேர்ந்தார்களா, அல்லது தொடரும் என்று விட்டதா. காமமும் வன்முறையும் எந்த அளவு. முதல் தகவல்தான் மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல், அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

வாங்கும் முன் இன்னொரு சோதனை, உள்ளடக்கப் பக்கம். தொகுப்புக் கதைகள் பிற்பாடு வேறு அட்டையில் திரும்ப வரும். நளினி சிங்கின் 'ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்' 2012-இல் வந்தது, நான்கு குறுநாவல். அவற்றில் ஒன்று இங்கே சொன்ன 'ஏஞ்சல்ஸ் ஜட்ஜ்மென்ட்'. ஒன்று முன்பே மின்னூலாக வந்தது, ஒன்று 2011-இன் 'ஏஞ்சல்ஸ் ஆஃப் டார்க்னஸ்' தொகுப்பில் வந்தது. புதியது ஒன்றே ஒன்று. அதற்கு வந்த கோபமான கருத்துகளைப் படிக்கும்போது எழுதியவர் பழையவற்றை ஏற்கெனவே வாங்கியவரா என்று பாருங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே லாபமான புத்தகம். பதிப்புரிமைப் பக்கத்தில் ஒவ்வொரு கதையும் முதலில் எந்த ஆண்டு வந்தது என்று போட்டிருப்பார்கள், மின்னூல் மாதிரிப் பக்கங்களில் பெரும்பாலும் அது தெரியும்.

'ஆல்ஃபா அண்ட் ஒமேகா'வுக்கு எதிர்த்திசையில் ஒரு சிக்கல். அதன் தொடர்ச்சியான 'க்ரை வுல்ஃப்' நாவல் 2008-இல் முதல் பாகம் என்ற பெயரோடு வந்தது. ஆனால் நாயகன் சார்ல்ஸும் ஆன்னாவும் சந்திப்பதும் கூட்டத்தின் தலைவனை எதிர்கொள்வதும் குறுநாவலில் முடிந்துவிட்டன. நாவல் அதற்கு மறுநாள்போல் தொடங்குகிறது. முதல் பாகத்தைத் திறந்து நடுவில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று எழுதியவர்களின் குறை புத்தகத்தின் தரம் பற்றியதல்ல, வரிசை பற்றியது. குறுநாவல் பிறகு தனி மின்னூலாகவும் கிடைத்தது. ஓநாய்க் கதைக்காக மட்டும் வருபவர் தொகுப்பு முழுவதையும் வாங்க வேண்டாம், அந்த மின்னூலை முதலில் படித்துவிட்டு 'க்ரை வுல்ஃப்' எடுத்தால் போதும்.