கண் திறக்காமல் வந்த அணில் குட்டி: இதுவரை

இந்த முறை வளர்ப்புக்கு வந்திருப்பது கண்கூடத் திறக்காத அணில் குட்டி. விழுந்த மரத்தடியிலேயே பெட்டியில் கதகதப்பாக வைத்துப் பகல் முழுக்கப் பார்த்தாயிற்று, தாய் வரவில்லை. மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பார்கள். அணில் அப்படியில்லை, உயிரோடிருந்தால் பெரும்பாலும் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. அப்புறம் காட்டுயிர் மறுவாழ்வு மையத்தில் சொல்லி அனுமதி வாங்கினேன். பல நாடுகளில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

வந்ததும் பால் கொடுக்கத்தான் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் ஜில்லென்றிருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது, முதல் வேலை சூடுதான். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே. உடம்பு வெதுவெதுப்பானதும் ஓ.ஆர்.எஸ். கரைசல், அதற்கும் பிறகுதான் பால். பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும் என்பதால் நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடர். ஒரு வேளைக்கு உடல் எடையில் சுமார் 5 சதவீதம், அதாவது 20 கிராம் குட்டிக்கு 1 மில்லி. ஊசி கழற்றிய சிரிஞ்சில், குட்டியைக் குப்புறப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக. மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் இந்த வயதில் சிறுநீர் தானாகப் போகாது.

நடுவில் கண்ணாடியில் மோதிய குருவி ஒன்றும் வந்தது. காற்றோட்டமான இருட்டுப் பெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா விட்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. வாயில் தண்ணீரும் ஊற்றவில்லை. பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றினால் நேரே அங்கேதான் போகும். தெளிந்ததும் பறந்துவிட்டது.

அணிலுக்கு இப்போது கண் திறந்து, பல்லும் முளைத்தாயிற்று. சூரியகாந்தி விதை என்றால் உயிர். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு; அதையே தின்று வளர்ந்தால் எலும்பு வலுவிழக்கும். ஆகவே விதையைக் குறைத்து இலை, கிளை, காய் என்று பழக்குகிறேன். கோபம்தான், தட்டைக் கவிழ்க்கிறது. எடை மட்டும் ஒழுங்காக ஏறுகிறது.

வெளியில் பெரிய கூண்டுக்கும் மாற்றியாகிவிட்டது. என்னைக் கண்டால் இன்னும் ஓடி வருகிறது, அது நல்லதில்லை. தூக்குவது, பேசுவது இரண்டையும் நிறுத்தியிருக்கிறேன். ஆளைக் கண்டு ஒளியத் தொடங்கும்வரை கதவைத் திறப்பதாக இல்லை.