பெட்டி ஐந்தும் சேர்ந்து கத்தினால் அது சரவுண்ட் ஆகிவிடாது

மட்டக்களப்பில் நான் போய்வருகிற வீடுகளில் 5.1 செட் (சத்தம் சுற்றிவரக் கேட்பதற்கு, அதாவது சரவுண்டுக்கு, ஐந்து ஸ்பீக்கர் பெட்டியும் அடித்தொனிக்கு சப் என்கிற சப்வூஃபரும் உள்ள தொகுதி) வைத்திருக்கும் பலர், அதைக் கம்பியூட்டரின் பச்சை ஓட்டையில் ஒற்றை வயரால் கொழுவிவிட்டு, ஐந்து பெட்டியிலும் சத்தம் வருகிறதுதானே என்று இருந்துவிடுகிறார்கள். எனக்கு அது தாங்காது. அந்த வயரில் போவது இடது, வலது என்று இரண்டு சத்தம் மட்டும்தான், அதையே செட் பின்பெட்டிகளுக்கும் பிரதி எடுத்து அனுப்புகிறது. படத்தில் முதுகுக்குப் பின்னால் மழை பெய்ய வேண்டிய நேரத்தில் முன்னால் கதைக்கிறவரின் குரலே பின்னாலும் கேட்கும்.

முதலில் செட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு வெள்ளை என்று ஒரே ஒரு சோடி ஓட்டைதான் இருக்கிறதா? அப்படியானால் செட் வந்த அட்டைப்பெட்டியில் 5.1 என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் அந்த வழியால் இரண்டு சத்தத்துக்கு மேல் உள்ளே போகாது. முன், பின், நடு மற்றும் சப் என்று மூன்று சோடி இருந்தால்தான் உண்மையான 5.1 உள்ளீடு. கடையில் வாங்கும்போதே திருப்பிப் பார்த்து வாங்குங்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கம்பியூட்டர் பக்கம் பச்சை முன்பெட்டிகளுக்கு, கறுப்பு பின்பெட்டிகளுக்கு, செம்மஞ்சள் நடுப்பெட்டிக்கும் சப்புக்கும். மதர்போர்டில் மூன்றே ஓட்டை என்றால் பல போர்டுகளில் நீலமும் ரோஸும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும், சவுண்ட் மென்பொருளில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். லப்டொப்பில் ஒரே ஓட்டைதானே, என்ன செய்வது என்று கல்முனையில் இருக்கும் மச்சான் கேட்டார். யூஎஸ்பி 5.1 சவுண்ட் கார்டு ஒன்று வாங்கினால் போதும். ரிசீவர் (சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் அம்ப்) வைத்திருப்பவர்களுக்கு எச்டிஎம்ஐ இருக்கிறது, ஒரே வயரில் எட்டுச் சத்தம் வரை சுருக்காமலே போகும். ஒப்டிகல் வயரில் அது நடக்காது, சுருக்காமல் இரண்டு, அல்லது டொல்பி, டீடிஎஸ் என்கிற முறைகளில் சுருக்கிய 5.1. படத்தின் ஒலி பெரும்பாலும் சுருக்கியே வருகிறது, கேமின் ஒலி சுருக்காமல் வருகிறது, அதனால்தான் படத்தில் வருகிற சரவுண்ட் அதே வயரில் கேமில் பெரும்பாலும் வராமல் போகிறது.

வயர் கொழுவினால் வேலை முடியாது. விண்டோஸ் இன்னும் ஸ்டீரியோ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் பொத்தானையும் R ஐயும் சேர்த்து அமத்தினால் வரும் ரன் கட்டத்தில் mmsys.cpl என்று அடித்து, உங்கள் ஸ்பீக்கரைத் தெரிவு செய்து, கன்ஃபிகர் போய் 5.1 கொடுத்து, டெஸ்டை அமத்துங்கள். ஒவ்வொரு பெட்டியாகச் சத்தம் வரும். நடுப்பெட்டியின் சத்தம் சப்பில் உறுமினால் செம்மஞ்சள் ஓட்டையிலிருந்து வரும் வயரின் செட் பக்கத்துச் சிவப்பு, வெள்ளை முனைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக் கொழுவுங்கள், சரி ஆகிவிடும். அப்புறம், யூடியூப் பாட்டுகள் பெரும்பாலும் ஸ்டீரியோதான், அதை வைத்துச் சரவுண்ட் வரவில்லை என்று செட்டைக் குறை சொல்லாதீர்கள். 5.1 ஒலி உள்ள படத்தைப் போட்டுப் பாருங்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். நீங்கள் இருந்து கேட்கும் இடத்திலிருந்து பார்க்க, முன்பெட்டிகள் இரண்டும் நேர் முன்னாலுள்ள நடுப்பெட்டியிலிருந்து 30 பாகை விலகி, பின்பெட்டிகள் 110 பாகை அளவில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில். எங்கள் சீமெந்துத் தரையும் வெறும் சுவரும் எதிரொலியை அள்ளிக் கொடுக்கும், ஒரு பாய் விரித்து திரைச்சீலை போட்டாலே கதைக்கிற குரல் தெளியும். சப்பை மூலையில் தள்ளாதீர்கள், வீடே குமுறும்.

கல்லடிப் பக்கம் கடற்கரையோடு இருக்கிறவர்கள் சத்த வயர்களின் பிளக்குகளை இடைக்கிடை கழற்றித் துடைத்துப் போடுங்கள், உப்புக்காற்று பட்டு ஒரு பக்கச் சத்தம் கரகரத்து நின்றுவிடும். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.