தொண்டை ஆறினாலும் விடாத வறட்டு இருமல்

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் எங்கள் குமரி மாவட்டம். ஜூனிலோ அக்டோபரிலோ மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் யாருக்காவது தொண்டை கட்டிவிடும். பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். எச்சில் விழுங்கவே வலிக்கும், மூக்கொழுகும், லேசாகக் காய்ச்சல் இருக்கும். ஒரு வாரத்தில் தொண்டை ஆறிவிடும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கும். இது தெரியாமல்தான் பலர் ஐந்தாம் நாளே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குகிறார்கள். அது வைரஸை ஒன்றும் செய்யாது, வயிறுதான் கெடும்.

உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதை நாங்கள் பார்த்த வரையில் முக்கால்வாசிப் பேர் அரைகுறையாகத்தான் செய்கிறார்கள். ஒரு டம்ளர் (200 முதல் 250 மில்லி) வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். கூடினால் தொண்டை இன்னும் வறளும். அண்ணாந்து, ‘ஆ’ என்று குரல் எழுப்பியபடி அரை நிமிடம் வைத்திருங்கள். அப்போதுதான் தண்ணீர் உள்நாக்குப் பக்கம் போகும். வாயை மட்டும் அலசித் துப்பினால் பயனில்லை. நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

இனி இருமல். வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாயின் உள்சவ்வு புண்பட்டுக் கிடக்கும். ஊதுபத்திப் புகை, ஃபேன் காற்று, ஏன், ஒரு சிரிப்புகூட அங்குள்ள நரம்புகளைத் தூண்டிவிடும். இருமினால் அதே இடம் மறுபடி புண்ணாகும். அதனால் மறுபடி இருமல். இந்தச் சுற்றை அறுக்க வேண்டும். தொண்டையில் அரிப்பு எழும்போதே வாயை மூடி, எச்சிலை விழுங்கி, மூக்கால் மெல்ல மூச்சிழுத்து, ஒரு மிடறு வெந்நீர் குடியுங்கள். முதலில் ஒன்றிரண்டு இருமல் மீறி வரும். விடாமல் செய்தால் குறையும்.

ராத்திரி இருமலுக்கு நாங்கள் முதலில் சொல்வது தேன். மார்த்தாண்டம் தேன் கைக்கெட்டும் தூரத்தில்தானே கிடைக்கிறது! படுக்கும் முன் ஒரு டீஸ்பூன், தண்ணீரில் கலக்காமல் மெதுவாக நக்கி விழுங்குங்கள். உடனே தண்ணீர் குடித்தால் தொண்டையில் படிந்தது கழுவிப்போகும். ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சுப் பாதிப்பு வரலாம். சுக்குக் காப்பியும் இதம்தான், ஆனால் மிளகு தூக்கலாக இருந்தால் வறட்டு இருமலைக் கிளப்பும். தேனோ கருப்பட்டியோ, சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டும் சர்க்கரைக் கணக்குதான்.

பிள்ளைகளுக்குச் சிரப் வேண்டவே வேண்டாம் என்போம். 2025இல் நச்சு கலந்த இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருமல் சிரப் கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய அரசே அப்போது அறிவுறுத்தியது.

டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். உள்நாக்கின் இரு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிகட்டி, நல்ல காய்ச்சல், ஆனால் இருமலே இல்லை என்றால் ஸ்ட்ரெப் பாக்டீரியாவாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம். அவர் தரும் ஆன்டிபயாடிக்கை வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை, வாய் திறக்க வரவில்லை, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது என்றால் விடியும் வரை காத்திராமல் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அவசரப் பிரிவுக்கோ போய்விடுங்கள்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால், வைரஸ் இருமல் என்றே தோன்றினாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்யும் காசநோய்ச் சளிப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அண்டி ஆபீஸிலோ (முந்திரி ஆலை) ரப்பர் ஷீட் புகைபோடும் இடத்திலோ வேலை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையாலேயே வறட்டு இருமல் வரலாம். நீங்களாக நிறுத்தாமல் வேறு மாத்திரை கேளுங்கள். மாற்றியபின் இருமல் அடங்க ஒரு மாதம்வரை ஆகலாம்.