பழவேற்காட்டுக்குக் கடல்வழி, மாசியில்

தண்டையார்பேட்டையிலிருந்து பழவேற்காட்டுக்கு மீஞ்சூர், பொன்னேரி வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். கடல்வழியாகப் போய்ச் சேர இரண்டு வருடம் ஆனது. முதல் வருடம் தையில் கிளம்பிப் பாதியில் திரும்பினோம். அடுத்த வருடம் மாசியில்தான் போய்ச் சேர்ந்தோம். படகும் அதே படகு, ஆட்களும் அதே ஆட்கள். மாறியது மாதம் மட்டும்தான்.

பொங்கல் லீவு நாலு நாள் சேர்ந்து கிடைத்ததை வைத்து நாள் குறித்ததுதான் முதல் தவறு. மாமா, அம்மாவின் தம்பி, காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருப்பவர். அவர் அப்போதே சொன்னார்: "வாடை இன்னும் வுடல மாப்ள. மழ நின்னுச்சின்னா கடலு அடங்கிடுச்சின்னு அர்த்தம் இல்ல." நான்தான் கேட்கவில்லை. வானம் அலம்பிவிட்டது போல இருந்தது. துறைமுகத்துக் கல்சுவரைத் தாண்டிய பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது. வடகிழக்கிலிருந்து வாடை முகத்தில் அடித்தது. கீழே வன்னி ஓடிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்துக்கு எங்கள் பக்கம் வன்னி என்று பெயர்; தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. காற்றும் எதிர், ஓட்டமும் எதிர். படகின் அணியம், அதாவது முன்முனை, ஒவ்வொரு அலையிலும் ஏறி, டம்மென்று விழுந்தது. மூன்று மணி நேரம் ஆகியும் எண்ணூரைத் தாண்டவில்லை, பெட்ரோல் பாதி தீர்ந்துவிட்டது. மாமா ஒன்றும் பேசாமல் இன்ஜின் கைப்பிடியைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க, மாதா மாதம் காசிமேட்டுக்குப் போய்க் கடலைப் பார்த்தேன், பெரியவர்களிடம் கேட்டேன். வட சென்னைக் கரையில் பருவம் தப்பினால் ஒதுங்க இடமில்லை. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்ததிலிருந்து, தெற்கிலிருந்து வரும் மணல் அந்தப் பக்கமே தங்கி மெரினாவாக வளர்ந்தது. ராயபுரத்துக்கு வடக்கே மணல் வரத்து நின்று கரை அரிபட்டது. இன்று திருவொற்றியூர் வரைக்கும், அதைத் தாண்டியும் பெரும்பாலும் கருங்கல் கொட்டிய கரைதான், நடுநடுவே கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகள். இன்ஜின் நின்றுபோனால் படகை ஏற்ற மணல் தேட வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை பேச்சே கிடையாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று அந்த மாதங்கள் செய்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெயும் கலந்து, படகுகளும் வலைகளும் கறுத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். கடல் காலியாக இருக்கும், சின்னப் படகில் சுற்றிவர அதுதான் தோதான காலம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடல் காலியாக இருப்பதே ஆபத்து. உங்கள் இன்ஜின் நின்றால் கயிறு போட்டு இழுத்துவர யார் இருக்கிறார்கள்? வெயில் ஒரு பக்கம், பகலில் கிளம்பி ஏறிக்கொண்டே போகும் கடல்காற்று இன்னொரு பக்கம்.

ஆனி, ஆடியில் காலைக் கடல் கரையோரம் வழவழவென்று இருக்கும். அதை நம்பக் கூடாது. காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது, அதனால்தான் கரையோரம் அலை தெரிவதில்லை. அந்தக் காற்றே இன்ஜின் நின்றுபோன படகை நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். சாயங்காலமானால் இடி மழை.

மிஞ்சுவது தை கடைசியிலிருந்து பங்குனி பாதி வரை. வாடை தளரும், வன்னி மாறித் தெண்டி பிடிக்கும், அதாவது வடக்கே போகிறவனுக்குக் கடலே கைகொடுக்கும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மழைக்காலத்து வெள்ளம் திறந்துவிட்ட முகத்துவாரத்தை, அதாவது பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் வாயை, கடல் கொஞ்சம் கொஞ்சமாக மணல் போட்டு மூடத் தொடங்குவதும் அப்போதுதான். கடல் இன்னும் அடங்கட்டும் என்று காத்திருந்தால் வாசல் அடைபட்டுவிடும். வெளிக்கடலை மட்டும் பார்த்து மாதம் குறிப்பவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

மாசி மகத்துக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்தார் மாமா. பௌர்ணமியை ஒட்டிக் கடல்நீர் ஏற்றம் அதிகம். நம் கரையில் அதிகம் என்றாலும் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் மணல்திட்டின் மேல் இரண்டடித் தண்ணீர் நிற்கும் இடத்தில் அது பெரிய கணக்கு. காலையில் தண்ணீர் ஏறும் நேரத்துக்கு முகத்துவாரத்தில் நிற்க வேண்டும் என்று நாலு மணிக்கே கிளம்பினோம். முந்தின நாளே மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை முன்னறிவிப்பைப் பார்த்தாகிவிட்டது. லைஃப் ஜாக்கெட், நாலு கேன் தண்ணீர், அத்தை கட்டிக்கொடுத்த புளிசோறு. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் படகின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார் மாமா.

நிலா ஊர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்குகள் வலப்பக்கம் வரிசையாக நின்றன. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்தான் எங்களுக்கு அடையாளம். காமராஜர் துறைமுகத்தின் கப்பல் பாதையை எட்ட விலகிக் கடந்தோம். காட்டுப்பள்ளியைத் தாண்டியபோது நன்றாக விடிந்துவிட்டது.

அப்போதுதான் மாமா இன்ஜினைத் தணித்துக் கையைக் காட்டினார். பத்தடி தூரத்தில் ஒரு பங்குனி ஆமை. கரைக்கு முட்டையிட வரும் காலம் அது. சாம்பல் கலந்த பச்சை ஓடு, அதன் ஓரத்தில் இரண்டு மூன்று சிப்பிகள் ஒட்டியிருந்தன. தலையைத் தூக்கி 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டது. களைத்த மனுஷன் விடும் மூச்சு மாதிரியே இருந்தது. ஈரமான கண்ணால் எங்களை ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே போனது. கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகளைத்தான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். உயிரோடு கடலில் பார்த்தது அன்றுதான்.

சுமார் 35 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. முகத்துவாரத்துக்கு வெளியே படகை நிறுத்தி மாமா எழுந்து நின்றார். உள்ளே போக அவசரப்படவே இல்லை. பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும், பிறகு ஒரு இடைவெளி விடும். அந்த இடைவெளி எவ்வளவு என்று மூன்று தடவை பார்த்தார். நாலாவது தடவை கடைசி அலை கடந்ததும், அதன் முதுகைப் பிடித்தபடி, அதை முந்தாமல், பின்னால் வந்ததிடம் மாட்டாமல் உள்ளே விட்டார். ஒரு இடத்தில் இன்ஜின் விசிறி மணலைக் கிளறி, தண்ணீர் பழுப்பாக மேலே வந்தது. அவ்வளவுதான், ஏரிக்குள் இருந்தோம்.

உள்ளே கடலின் சத்தமே இல்லை. ஏரியின் ஆழம் பெரும்பாலும் ஒரு மீட்டர்தான், இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றினோம். தூரத்தில் வெளிறிய ரோஜா நிறத்தில் பூநாரைக் கூட்டம். மாசி கழிந்தால் இவ்வளவு இருக்காது என்றார் கரையில் நின்ற பெரியவர்.

இதைப் படித்துவிட்டு அங்கே போய்ப் படகுச் சவாரி கேட்காதீர்கள். 2011 டிசம்பர் 25-ல் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம் அது. அதற்குப் பிறகு சுற்றுலாச் சவாரிக்குத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நாங்கள் போனது தொழில் தெரிந்தவரின் சொந்தப் படகில், உறவுக்காரர்களின் குப்பத்துக்கு.

இரண்டு ராத்திரி தங்கி, நண்டுக் குழம்பு சாப்பிட்டு, மூன்றாம் நாள் திரும்பினோம். போகும்போது தள்ளிவிட்ட தெண்டி இப்போது எதிரே. ஐந்தரை மணி நேரம் ஆனது, பெட்ரோலும் அதற்கேற்ப. திரும்பும் கணக்கையும் சேர்த்துத்தான் கேன் ஏற்ற வேண்டும்.

பங்குனி பாதியில் அந்த உறவுக்காரர் போன் செய்தார். நாங்கள் நுழைந்த இடத்தில் இப்போது நாலு பேர் இறங்கித் தோள் கொடுத்தால்தான் படகு நகர்கிறதாம்.