மழை விட்ட பிறகு வரும் வெள்ளம்

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் தெற்கே ஜவ்வாது மலை தெரியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெளியூர் கிளம்புவதற்கு முன் நான் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைப் பார்ப்பதில்லை. அந்த மலையைத்தான் பார்க்கிறேன். முகடு தெளிவாகத் தெரிந்தால் புறப்படுவேன். மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கியிருந்தால், எங்கள் தெருவில் வெயிலே அடித்தாலும் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவைப்பேன். இது 2020 நவம்பர் மாத இறுதியில், நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து எங்கள் பக்கம் வந்த நாளில், ஒரு தரைப்பாலத்தின் முன்னால் நின்று நான் கற்றுக்கொண்ட பாடம்.

அன்று என் மனைவியின் பெரியம்மா மலையடிவாரக் கிராமம் ஒன்றில் காலமாகிவிட்டார். புயலைக் காரணம் காட்டிச் சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் முடியாத காரியம். தூறலோடு தூறலாக இருசக்கர வாகனத்தில் இருவரும் கிளம்பினோம். வழியில் காட்டாற்றின் குறுக்கே உள்ள தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்குத் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது; சிரமமின்றிக் கடந்துவிட்டோம். அடக்கம் முடிந்து திரும்பும்போது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழை முற்றிலும் நின்று, மேகத்தின் இடையே வெளிச்சம் தெரிந்தது. புயல் ஓய்ந்துவிட்டது என்று நிம்மதியாக வந்த நாங்கள் தரைப்பாலத்தை நெருங்கியபோது, அங்கே நீர் முழங்காலைத் தொடும் அளவுக்கு உயர்ந்து, செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. காலையில் கடந்த பாலம்தானே, முதல் கியரில் மெதுவாகப் போய்விடலாம் என்று நான் வண்டியை இறக்கப் பார்த்தேன்.

கரையில் ஆடுகளோடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் என் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வண்டியைத் திருப்பு. காலைல தண்ணி வெள்ளையா ஓடுச்சு, இப்ப செவப்பா வருது பாரு. மேல இன்னும் ஊத்திக்கினு கீது" என்றார். மலையைப் பார்த்தேன். மேற்பாதி முழுவதும் கருமேகத்துக்குள் இருந்தது. நாங்கள் நின்ற இடத்தில் வெயில் வருவதற்கும் அங்கே மழை கொட்டுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த அரை மணி நேரத்தில் நீர் இடுப்பளவு ஆயிற்று. வேரோடு பிடுங்கப்பட்ட புங்க மரம் ஒன்று பாலத்தின் மேலேயே உருண்டு போனதை நாங்கள் இருவரும் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மலையடிவாரத்தில் வசிப்பவர்களும், அவ்வழியே பயணம் செய்பவர்களும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: இங்கே ஆபத்து மழையோடு வருவதில்லை, மழை விட்ட பிறகு வருகிறது. எங்கள் ஓடைகளில் மேலே பெய்த மழை கீழே வந்து சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் மக்கள் "மழை விட்டுவிட்டது" என்று வண்டியை எடுக்கிறார்கள். ஓடும் நீரின் வலிமையைக் கண்ணால் அளந்துவிட முடியாது. 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் நிற்கும் ஆளைச் சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் ஆனால் பெரும்பாலான வாகனங்களை மிதக்கவைத்து இழுத்துக்கொண்டு போய்விடும். காரின் கனம் காப்பாற்றும் என்று நம்புவது வீண். உள்ளே காற்று அடைபட்டிருக்கும் எந்தப் பொருளும் ஒரு கட்டத்துக்கு மேல் படகுபோல ஆகிவிடும், ஆனால் அந்தப் படகுக்குத் துடுப்பு கிடையாது.

கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் நமக்குப் புயலால் என்ன வந்துவிடும் என்று வேலூரிலேயே பலர் கேட்கிறார்கள். வங்கக் கடலில் உருவாகும் புயல் புதுச்சேரி அருகே கரையேறி மேற்கே நகர்ந்தால், நாம் அதன் வடபுறத்தில் மாட்டிக்கொள்கிறோம். அந்தப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். ஈரம் சுமந்த அந்தக் காற்று சமவெளியைக் கடந்து வந்து ஜவ்வாது மலையில் மோதி, மேலே ஏறும்போது குளிர்ந்து, தன் பாரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவைக்கிறது. கரையைக் கடந்ததும் புயல் காற்றின் வேகத்தை இழக்கிறது என்பது உண்மை, மழையை இழப்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்று, பிறகு உள்நாட்டுக்குள் ஊர்ந்து வந்தது. கடலை விட்டு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் அடிவாரத்து வீட்டின் மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அச்செய்தியைப் படித்த நாள் முதல், மலையடிவாரத்தில் வெட்டப்பட்ட சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தும் எவரைக் கண்டாலும் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

பாலாற்றின் கதை இதையே இன்னும் பெரிய அளவில் காட்டுகிறது. கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்த ஆறு ஆண்டில் பெரும்பாலும் மணலாகவே கிடப்பதால், அதை ஆறு என்று நினைக்கவே மக்கள் மறந்துவிட்டார்கள். 2021 நவம்பர் 19 அன்று வாலாஜா அணைக்கட்டைத் தாண்டி விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் போனது. அதன் கிளையாறுகளான பொன்னையிலும் கவுண்டன்யாவிலும் கூட வெள்ளம் பெருகியது. அந்த நீரில் பெரும் பங்கு நம் தலையில் பெய்த மழை அல்ல; எல்லைக்கு அப்பால் பெய்த மழை. 1903 நவம்பர் வெள்ளத்தின் நினைவாக வாணியம்பாடியில் நட்ட தூண் இன்றும் இருக்கிறது. நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே மாதத்தில் அந்த ஆறு மீண்டும் கரை கொள்ளாமல் வந்தது.

வெள்ளம் வடிந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2021 வெள்ளத்துக்கு ஒரு மாதம் கழித்து, டிசம்பர் பிற்பகுதியில், திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தின் தூண் பகுதியில் விரிசல் காணப்பட்டு, சென்னை - காட்பாடி ரயில்கள் பல ரத்து செய்யப்பட்டன. மேலே தண்டவாளம் அப்படியே இருக்க, கீழே அடித்தளத்தை நீர் அரித்திருந்தது. ரயில் பாலத்தைச் சோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஊர்த் தரைப்பாலங்களின் அடியில் யார் குனிந்து பார்க்கிறார்கள்? மழைக்கு ஒதுங்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். வெள்ளம் வந்த அதே நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் ஊறிப்போன சுவர் இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். வழியில் மழை வலுத்தால் மண் சுவரையும் பழைய மதிலையும் ஒட்டி நிற்காமல், பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் போன்ற கான்கிரீட் கூரையின் கீழ் ஒதுங்குங்கள்.

மலைப்பாதையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். விடுமுறை நாளில் அங்கே போகும் நகரத்துக் குடும்பங்கள் அந்தப் பெயர்ப்பலகைகளின் முன் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல வெயில் நாளில் எடுக்கட்டும். தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்த பிறகு அந்த வளைவுகளில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. மேலே பாறைகளைப் பிடித்துவைத்திருப்பது அவற்றுக்கு இடையே உள்ள மண்தான்; அது நீரைக் குடித்துக் கனத்துக் குழையும்போது பிடி விட்டுப்போகிறது. சாலையில் சிறு கற்கள் சிதறிக் கிடப்பதும், சரிவின் நடுவிலிருந்து திடீரெனக் கலங்கல் நீர் கசிவதும், மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து நிற்பதும் முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டதும் திரும்பிவிட வேண்டும். இறங்கும்போது, ஏறுவதற்குப் போட்ட அதே கியரில் இறங்குங்கள்; பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிக் கடைசி வளைவில் கைவிடும். ஜவ்வாது மலை மேல் உள்ள பீஞ்சமந்தை, ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் பகல் நான்கு மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடும்படி திட்டமிட வேண்டும். மலை மக்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள். ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வருபவர்கள் வானம் கருத்தால் விலை படியாத ஆட்டையும் ஓட்டிக்கொண்டு மதியத்துக்குள் மலை ஏறிவிடுகிறார்கள்.

புயல் விலகிய பிறகு வரும் தெளிந்த இரவுகளில் இன்னொரு தொல்லை உண்டு. நனைந்த நிலம் வேகமாகக் குளிர்ந்து, விடியற்காலையில் ஆம்பூர், வாணியம்பாடி, பள்ளிகொண்டா வழியே போகும் நெடுஞ்சாலையில் பனி இறங்கி நிற்கும். முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரிய விடுங்கள். உயர்த்தினால் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். திருவண்ணாமலை தீபத்துக்கு நடந்து போகிறவர்களும் சபரிமலைக்கு வேன்களில் போகிறவர்களும் இதே மாதங்களில்தான் சாலையில் இருக்கிறார்கள்.

வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையை நான் நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் அது மாவட்டத்துக்கு ஒரு நிறம்தான் தரும்; காட்பாடிக்கும் மலை மேலே இருக்கும் கிராமத்துக்கும் அதே ஆரஞ்சு. ஒரே நாளில் பெய்யும் மழை 6.5 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, 11.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் மிகக் கனமழை, 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நிறத்தோடு ஒரு தொலைபேசி அழைப்பையும் சேர்த்துக்கொள்கிறேன்: போகும் வழியில் ஓடை எங்கே தொடங்குகிறதோ அந்த மேட்டில் இருக்கும் ஒருவரிடம், "அங்கே மழை எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறதா என்றும் கேட்பேன். கோடி போகும் ஏரியின் கீழே உள்ள சாலை இரவில் எப்போது அறும் என்று சொல்ல முடியாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112 ஆகிய எண்கள் ஒரு தாளில் எழுதி வண்டியில் இருக்கின்றன, செல்போன் நனைந்து அணைந்துபோனாலும் வேறொருவர் போனில் அழைக்கலாம் என்பதற்காக.

தரைப்பாலங்களின் இரு பக்கமும் அளவு குறித்த கற்களை நட்டு, எந்தக் கோட்டுக்கு மேல் நீர் வந்தால் கடக்கக் கூடாது என்று சிவப்புச் சாயம் பூசி வைத்தால் எத்தனையோ உயிர்கள் தப்பும். பெரிய செலவும் இல்லை. எழுதிக் கொடுத்த மனுவுக்கு இதுவரை பதில் வரவில்லை. இந்தக் கோடையில் மறுபடியும் எழுதுவேன்.

நிவர் புயல் வந்த அன்று இரவு நாங்கள் இருவரும் அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தங்கினோம். பெரியவரின் வீட்டிலிருந்து களியும் கீரைக் குழம்பும் வந்தன. விடிந்ததும் பாலத்துக்குப் போனோம். நீர் வடிந்து மீண்டும் கணுக்காலளவு தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒரு கழியைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். மறுகரையில் பாலம் முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் அவர் கழி நின்றது. அங்கே சாலை வண்டிச் சக்கரத்தின் அகலத்துக்கு அறுந்து, ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, வயல் வரப்பு வழியாகச் சுற்றி நடந்து ஊர் வந்து சேர்ந்தோம்.