அப்பாயியின் கீழாநெல்லியும் மாமாவின் கல்லும்

பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்டுபிடித்தது அப்பாயி. கீழிமையை இழுத்துப் பார்த்தார், சிறுநீரில் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டு அது மஞ்சளாவதைக் காட்டினார், முடிந்தது. (காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது சும்மா. எனக்கு எல்லாம் எப்போதும்போலத்தான் தெரிந்தது.) மறுநாள் காலையிலிருந்து வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு கீழாநெல்லி விழுது, மோரில் கலக்கி. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. மூன்று வாரத்தில் கண் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கல்லீரல் டாக்டர் கீழாநெல்லிதான்.

இப்போது யோசித்தால் எனக்கு வந்தது அநேகமாக ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸ். அந்த மழைக்காலத்தில் தெருக் குழாயில் சாக்கடை கலந்து, என் வகுப்பிலேயே இன்னும் மூன்று பையன்கள் படுத்திருந்தார்கள். அந்த வைரஸ் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும், நாள்பட்டுத் தங்காது. அப்பாயி வெறும் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் தேறியிருப்பேன், என்ன, கொதிக்க வைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

கீழாநெல்லியை ஒரேயடியாக மட்டம் தட்டவும் மனம் வரவில்லை. 1988-இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு அதைப் பொடியாக்கி முப்பது நாள் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. கட்டுரையில் கூடக் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா, அந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் வாங்கிய பிளம்பெர்க். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் மாமாவுக்குக் கண் மஞ்சளானது. வழக்கம்போல மோரும் கீழாநெல்லியும். அவருக்கோ உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தார், சிறுநீர் டிகாக்‌ஷன் மாதிரி போனது, மலம் சுண்ணாம்பு கலந்த களிமண் மாதிரி வெளுத்துப் போனது. இதை அத்தையிடம் சொல்லக் கூச்சப்பட்டு இருபது நாள் மறைத்திருக்கிறார் மனுஷன்! மலத்துக்கு நிறம் தருவதே பித்தம்தான். குடலுக்கு வரும் வழி அடைத்துக்கொண்டால் பித்தம் ரத்தத்துக்குத் திரும்பி, தோலிலும் சிறுநீரிலும் ஏறும், மலம் வெளுக்கும். மாமாவுக்கு வழியை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு பித்தக் கல், அதை எந்த இலையை அரைத்துக் குடித்து நகர்த்துவது?

இருபத்தைந்தாம் நாள் குளிர் தூக்கிப் போட்டுக் காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் பொருளான பிலிருபின் 14, நமக்கெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும். அடைபட்ட பித்தக் குழாயில் கிருமி சேர்ந்து ரத்தத்துக்கும் பரவியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாய் வழியாகக் குழாயை விட்டுக் கல்லை எடுத்தார்கள், ஈ.ஆர்.சி.பி. என்று பெயர், வயிற்றில் கத்தி படவில்லை. காமாலை என்பது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி, உள்ளே வைரஸும் இருக்கலாம், சாராயமும் இருக்கலாம், கல்லும் இருக்கலாம், கட்டியும் இருக்கலாம் என்று அந்த டாக்டர் எங்களுக்குச் சொன்னதைத்தான் அப்புறம் நான் சொந்தக்காரர் எல்லோரிடமும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனை, வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். அதை முதல் வாரமே எடுத்துவிட்டு மோர் குடியுங்கள், நான் தடுக்கவில்லை.

பித்தப்பைக்குள் இன்னும் கற்கள் இருந்ததால் அடுத்த மாதம் பையையும் எடுத்தார்கள். அந்தக் கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மாமா அதை டிவி பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டுகிறார்.