பழைய கூலரைக் கழற்றியதற்கே ஒரு வாரம்

நேற்று இரவு அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தேன். பிராசசர் 82 டிகிரிக்கு வந்து அதற்கு மேல் ஏற மறுத்தது. அறையின் வெப்பம் 33. இரண்டு வாரத்துக்கு முன்பு இதே அறையில், இதே வேலைக்கு, நான்காவது நிமிடமே 95-ஐத் தொட்டுவிட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்ட பிராசசர் இது. பிராசசரைக் குளிர்விக்கும் பழைய கூலரை எடுத்துவிட்டுத் தண்ணீர்க் கூலர் மாட்டியதன் பலன் இது. ஆகவே இதை வெற்றிக் கணக்கில் எழுத எனக்கு உரிமை உண்டு. நடுவில் ஒரு வாரம் என் மேசைமீது கிடந்தது கம்ப்யூட்டர் அல்ல, அதன் உதிரிபாகங்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிராசசர் ரைசன் 9 3900எக்ஸ். 2019-இல் வந்த 12 கோர் சில்லு. பெட்டியில் 105 வாட் என்று போட்டிருக்கும். உண்மையில் முழு வேலை கொடுத்தால், மதர்போர்டில் அது உட்காரும் சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. கூடவே வந்த ரெய்த் பிரிசம் கூலரைக் குறை சொல்ல மாட்டேன். செம்பு அடித்தளம், வெப்பக் குழாய்கள், 92 மில்லிமீட்டர் விசிறி, சுற்றிலும் வண்ண விளக்கு. பெட்டிக்குள் இலவசமாக வரும் கூலர்களில் அது பெரிய இடத்துப் பிள்ளைதான். மார்கழியில் அதற்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் என் அறை சென்னையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் இரவு பத்து மணிக்கும் தளம் சுடும். காற்றோ தண்ணீரோ, எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. அங்கிருந்து எத்தனை டிகிரி மேலே என்பதுதான் கணக்கு. பிரிசத்தின் விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது, சமையலறையில் மிக்சி ஓடுகிறதா என்று அம்மா எட்டிப் பார்ப்பார்.

தகடுகளை உயரமாக அடுக்கிய பெரிய டவர் கூலர் ஒன்று வாங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். போதும். தாராளமாகப் போதும். ஆனால் என் கம்ப்யூட்டர் கேபினெட்டில் 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் எதை வைத்தாலும் பக்கக் கதவு மூடாது. நல்ல டவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டி நிற்கின்றன. இது நான் வீட்டில் சொன்ன காரணம். தண்ணீர்க் குழாய் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்ற பல வருட ஆசை, வீட்டில் சொல்லாத காரணம். 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட ஏஐஓ ஒன்றை, அதாவது பம்பும் குழாயும் ரேடியேட்டரும் ஒன்றாகவே பூட்டி வரும் தண்ணீர்க் கூலரை, ரிச்சி தெருவில் வாங்கினேன். இணையத்தில் 900 ரூபாய் குறைவாகக் கிடைத்தது. ஆனால் அந்த விற்பனையாளர் பில்லில் வரிசை எண்ணைப் போட மாட்டேன் என்றார். தண்ணீர் நிரப்பிய ஒரு பொருளை வாரண்டி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் வைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

இனி அந்த ஒரு வாரம்.

என் பிராசசர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 வகை. ஏஎம்4 சாக்கெட்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. கூலரைக் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் நன்றாகச் சூடாக்கு. அணைத்த கையோடு, மேலே இழுக்காமல், இடமும் வலமும் திருகித் திருகிப் பிரி. ஏனென்றால் இதில் ஊசி போன்ற பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, 1331 பின்கள். சாக்கெட்டின் நெம்புகோல் அவற்றைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கிறதே ஒழிய, மேலிருந்து அழுத்தும் சட்டம் எதுவும் கிடையாது. வெப்பம் கடத்தக் கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டால், அதன் பிடி அந்த நெம்புகோலின் பிடியைவிட வலுவானது. இந்த விதியை நானே நான்கு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது ஆளாக எனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் இரண்டு நாளாக அணைந்து கிடந்தது. வெளியூர் போய்விட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்த உற்சாகத்தில் கேபினெட்டைத் திறந்தேன். கூலரின் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி, கம்பளி நெய்ததுபோல் அடைத்திருந்தது. கீழ் மூலையில் பல்லி முட்டையின் ஓடு ஒன்று. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிரிசத்தின் நெம்புகோலைத் திருப்பி, கொக்கிகளை விடுவித்து, ஒரு இழு இழுத்தேன். சின்னதாக ஒரு சத்தம். பழுத்த பல் ஈறிலிருந்து கழன்று வருவதுபோல் இருந்தது. கூலர் கையோடு வந்தது. கூலரின் அடியில் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்தது. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டிய நிலையில் அப்படியே இருந்தது.

நேராக வந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நான் இழுத்த வேகத்தில் என் கை பக்கவாட்டில் போய், பிராசசரின் ஒரு மூலை ரேமின் மேல் தகட்டில் இடித்துவிட்டது. ஐந்து பின்கள் வளைந்தன. இரண்டு பின்கள் பக்கத்துப் பின்னின் தோளில் சாய்ந்தே விட்டன.

முதலில் கூலரிலிருந்து பிராசசரைப் பிரிக்க வேண்டும். கத்தி வைத்து நெம்பக் கூடாது. தங்கையின் ஹேர் டிரையரை வாங்கி ஹீட்சிங்கின் பக்கமாக ஐந்து நிமிடம் சூடு காட்டினேன். விளிம்பில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு இடுக்கில் அறுத்தேன். பிரிந்து வந்தபோது உள்ளே பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போல் இருந்தது. ஐந்து வருடப் பேஸ்ட். (ஆல்கஹால் வாங்கப் போகிறவர்களுக்கு: செல்போன் பழுது பார்ப்பவர்கள் சாமான் வாங்கும் கடைகளில் 99 சதவீதம் கிடைக்கிறது. கை கழுவும் சானிடைசரைப் பயன்படுத்தாதீர்கள். அதில் கிளிசரினும் வாசனையும் கலந்திருக்கும், உலோகத்தின் மேல் படலமாகத் தங்கிவிடும்.)

அடுத்தது பின்கள். இதற்கு மூன்று இரவுகள் பிடித்தன. அந்த மூன்று இரவுகளின் நாயகன் 20 ரூபாய் மைக்ரோடிப் பென்சில். லெட்டை எடுத்துவிட்டால் அதன் முனை ஒரு வெற்று உலோகக் குழல். அதை வளைந்த பின்னின் மேல் தொப்பிபோல் மாட்டி, அடிவரை இறக்கி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்த வேண்டும். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் அடியில் முறிந்துவிடும். வளைத்து நிமிர்த்தி, நிமிர்த்தி வளைத்து விளையாடினாலும் முறிந்துவிடும். என்னிடம் 0.5, 0.7 இரண்டும் இருந்தன. பின்னில் சுலபமாக ஏறியது 0.7. ஆனால் சாய்ந்து கிடந்த இரண்டு பின்களுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே குழலை நுழைக்க இடமே இல்லை. அங்கே தையல் ஊசியால் முதலில் இலேசாக விலக்கி, பிறகு பென்சிலை மாட்டினேன். அப்பா பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடி, புத்தக அடுக்கின் மேல் நிறுத்திய டார்ச், மூச்சை அடக்கிக்கொண்டு நான். மின்விசிறியை அணைத்துவிட்டேன். நெற்றி வியர்வை பிராசசரில் விழுந்துவிடக் கூடாது என்று தலையில் துண்டு கட்டிக்கொண்டேன்.

கண்ணுக்கு நேராகத் தெரிவது வேறு, நேராக இருப்பது வேறு. பிராசசரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, வரிசையை ஒரு ஓரத்திலிருந்து பார்த்தால் பின்கள் எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக மறைந்து ஒரே கோடாகத் தெரிய வேண்டும். நெடுக்கில் பார்த்து முடித்ததும் குறுக்கிலும் பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை பார்த்தால்தான் கடைசித் திருடன் அகப்படுவான். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பை வரிசைகளின் இடுக்கில் ஓட்டினால் எங்கே தட்டுகிறது என்று விரலுக்குத் தெரிகிறது. பிறகு சாக்கெட் சோதனை: நெம்புகோலை உயர்த்தி, தங்க முக்கோணத்தை முக்கோணத்தோடு பொருத்தி, பிராசசரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அது தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். அழுத்தினால் போயிற்று. முதல் நாள் இறங்கவில்லை. இரண்டாம் நாள் மூன்று மூலை இறங்கியது, ஒன்று கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் தோன்றியது. அளந்தால் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மூன்றாம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு, வைத்த கையை எடுப்பதற்குள் இறங்கி உட்கார்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பிக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஏஎம்4-க்கு அடுத்து 2022-இல் வந்த ஏஎம்5-இல் பின்களைச் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மேலே அழுத்திப் பிடிக்கும் சட்டமும் உண்டு. கூலரோடு பிராசசர் வரும் கதை அதோடு முடிந்தது. இனி வளைந்தால் மதர்போர்டில் இருக்கும் பின்தான் வளையும். இன்டெல்காரர்கள் அந்தத் தலைவலியை 2004-லிருந்தே அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏஐஓ மாட்டியது உண்மையில் ஒரு மாலை வேலை. ஒரு எரிச்சல்: பிரிசத்தின் பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றியதும் மதர்போர்டுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகடு பொத்தென்று விழுந்துவிடும். பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளத் தம்பியின் இரண்டு விரல்கள் தேவைப்பட்டன. ரேடியேட்டரை மேலே மாட்டத்தான் ஆசைப்பட்டேன். 27 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் 25 மில்லிமீட்டர் விசிறியும் சேர்ந்து 52. என் ரேமின் அலங்காரத் தகடு அங்கே குறுக்கே நின்றது. ஆகவே முன்பக்கம், குழாய்கள் கீழே வரும்படி மாட்டினேன். உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். அந்த உயரமான இடம் ரேடியேட்டரின் தலையாக இருக்க வேண்டும், பிராசசரின் மேல் உட்காரும் பம்பாக இருக்கக் கூடாது. பெட்டியில் வந்த திருகாணிகளைத் தவிர வேறு நீளத் திருகாணிகளை ரேடியேட்டரில் முடுக்காதீர்கள். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் தட்டைக் குழாய் இருக்கிறது. நீளத் திருகாணி நேராக அதில்தான் போய் இறங்கும்.

கசிவுப் பயம் எனக்கும் உண்டு. ஆப்பிள் 2004-இல் விற்ற திரவக் குளிர்ப்பு பவர் மேக் ஜி5 சில வருடங்கள் கழித்துக் கசிந்து உள்ளே அரித்த கதை பழையது என்றாலும், படித்தது மனதை விட்டுப் போகவில்லை. கிராபிக்ஸ் கார்டின் மேல் வெள்ளை டிஷ்யூ விரித்து, ஒரு இரவு முழுக்கப் பம்பை மட்டும் ஓடவிட்டேன். காலையில் டிஷ்யூ வெள்ளையாகவே இருந்தது, ஒரு எறும்பைத் தவிர.

முதல்முறை இயக்கியதும் விசிறி இல்லை என்று, கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல் திட்டியது. பம்பைப் பம்பின் இணைப்பில் கொடுத்துவிட்டு, சிபியு (பிராசசர்) விசிறியின் இணைப்பை வெறுமையாக விட்டிருந்தேன். ரேடியேட்டர் விசிறிகளை அங்கே மாற்றினேன். இரண்டாவது முறை இயங்கியது. ஆனால் 32 ஜிபி ரேமில் 16 மட்டுமே தெரிந்தது. வயிற்றைக் கலக்கியது. பின் ஒன்று முறிந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

பம்பை மீண்டும் கழற்றினேன், இம்முறை சூடாக்கிவிட்டு, திருகித் திருகி. பின்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. குற்றவாளி பேஸ்ட்டில் தன் கைரேகையை விட்டுச் சென்றிருந்தான். இடப்பக்கம் பேஸ்ட் உலோகம் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. வலப்பக்கம் தோசைபோல் தடித்துக் கிடந்தது. இடது பக்கத் திருகாணிகள் இரண்டையும் முழுக்க முடுக்கிவிட்டு வலது பக்கம் போயிருக்கிறேன். ஒருபக்க அழுத்தத்தில் பிராசசர் சாக்கெட்டில் சரிந்து, ரேமுக்குப் போகும் ஒரு சானலின் தொடர்பு போயிருக்கிறது. துடைத்து, புதிதாக ஐந்து புள்ளி பேஸ்ட் வைத்து, மூலைக்கு மூலை அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்கினேன். 32 வந்தது.

பிராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23-இல் முன்பு 17,200 சொச்சம், இப்போது 18,300. இந்த ஆயிரத்துக்காகவா இத்தனை பாடு என்று கேட்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: பத்து நிமிடச் சோதனையை நம்பி மகிழ்ந்துவிடாதீர்கள். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். எனக்குப் பத்தாவது நிமிடத்தில் 77 காட்டியது. இருபதாவது நிமிடம் தாண்டித்தான் 82-இல் நிலைத்தது. இன்னொரு தொல்லை: ரைசன் சில்லு பிரவுசரைத் திறந்தாலே பத்து டிகிரி துள்ளி இறங்கும், ஒவ்வொரு துள்ளலுக்கும் விசிறி பெருமூச்சு விடும். பயாஸில் விசிறி வேகம் கூடுவதற்குச் சில வினாடி தாமதம் கொடுத்த பிறகு அடங்கியது. பம்பை மட்டும் எப்போதும் முழு வேகத்தில் விட்டிருக்கிறேன்.

ரேடியேட்டரின் வெந்த காற்று இப்போது கிராபிக்ஸ் கார்டின் முகத்தில் அடிக்கிறது. அது நான்கு டிகிரி ஏறிவிட்டது. அடுத்து அதன் மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். கேபினெட்டின் முன்பக்கக் கண்ணாடியை எடுத்துவிட்டு, சல்லடைத் தகடு வெட்டி மாட்டும் யோசனையும் உண்டு. பிராட்வேயில் தகடு விலை விசாரித்துவிட்டேன். ஒயர்களை இன்னும் கட்டவில்லை, அதனால் பக்கக் கதவு சுவரில் சாய்ந்தே நிற்கிறது. 150 மில்லிமீட்டர் தடை இப்போது இல்லை, ஆனாலும் கதவு மூடவில்லை. பிரிசத்தைத் தம்பி தன் கம்ப்யூட்டருக்குக் கேட்கிறான். தருகிறேன், ஆனால் மாட்டுவதும் கழற்றுவதும் அவன் பொறுப்பு.